இடித்துவிட்டு நிற்காமல் போனவர்கள்

புதுச்சேரியில் முத்தியால்பேட்டையைத் தாண்டி வடக்கே போனால் கோட்டக்குப்பம். சாலை அதேதான், கடைகளும் அதே மாதிரிதான். ஆனால் முத்தியால்பேட்டை புதுச்சேரி போலீசுக்கு, கோட்டக்குப்பம் தமிழ்நாடு போலீசுக்கு. இன்னும் கொஞ்ச தூரம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய் பொம்மையார்பாளையத்தைக் கடந்தால் காலாப்பட்டு. அது மறுபடியும் புதுச்சேரி! பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லை இப்படித் துண்டு துண்டாகத்தான் கிடக்கிறது. ஒருவரை இடித்துவிட்டு நிற்காமல் போகிற வண்டிக்கு இந்த ஊரில் சில நிமிடங்களில் மாநிலமே மாறிவிடும்.

விபத்து என்று கேள்விப்பட்டால் நமக்கு வருத்தம் வருகிறது. "இடிச்சவன் நிக்காம போயிட்டான்" என்று கேள்விப்பட்டால் வருத்தத்தோடு பயமும் வருகிறது. தெரியாமல் நடந்த ஒன்று, ஓடிய அந்த நிமிடத்தில் குற்றமாகிவிடுகிறது. ரத்தம் போய்க்கொண்டிருக்கும் ஒருவரை யாரும் இல்லாத சாலையில் விட்டுவிட்டுப் போவதுதான் அந்தக் குற்றம். இதைச் சட்டம் எப்போது, எப்படிப் புரிந்துகொண்டது? அந்தக் கதை சுவையானது. கொஞ்சம் வேதனையானதும் கூட.

தேர்க்காலும் கன்றும்

தமிழர்களுக்குத் தெரிந்த மிகப் பழைய சாலை விபத்து வழக்கு திருவாரூரில் நடந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. இளவரசனின் தேர்க்காலில் ஒரு கன்று சிக்கி இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. மனுநீதிச் சோழன் தன் மகனைத் தானே தேர்க்காலில் இட்டான். எல்லோரும் பள்ளியிலேயே படித்த கதை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த இளவரசன் தப்பி ஓடவில்லை. நடந்ததற்குப் பரிகாரம் கேட்கத்தான் பதறிப் போனான். ஓடியிருந்தாலும் பயனில்லை. ஊரில் அப்படிப்பட்ட தேர் யாரிடம் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்! மனுநீதிச் சோழனின் சிலை இன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. புதுச்சேரி வழக்குகளின் மேல்முறையீடும் அங்கேதான் போகிறது.

மோட்டார் கார் வந்த பிறகு நிலைமை தலைகீழானது. வண்டி வேகமானது, ஓட்டுபவர் முகம் தெரியாதவரானார். இடித்தது யார் என்று கேட்டால் பதில் இல்லாத காலம் அப்போதுதான் தொடங்கியது.

நம்பர் பிளேட் பிறந்த கதை

பழைய புதுச்சேரியில் வசதியானவர்கள் 'புஷ் புஷ்' என்ற வண்டியில் போவார்கள். ஆட்கள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும் வண்டி அது. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இன்றும் ஒன்றைப் பார்க்கலாம். அது யாரையாவது இடித்தால் ஓடித் தப்பிக்க முடியாது. மனிதன் நடக்கிற வேகம்தானே!

அதே காலத்தில் பிரான்சில் மோட்டார் வண்டிகள் பெருகத் தொடங்கின. 1893-ல் பாரிஸ் போலீஸ் ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு மோட்டார் வண்டியிலும் உரிமையாளரின் பெயர், முகவரி, பதிவு எண் எழுதிய தகடு இருக்க வேண்டும். இன்று நம் வண்டிகளில் 'பிஒய் 01' என்று தொங்குகிற தகட்டுக்கு முன்னோடி அதுதான். முகம் தெரியாத ஓட்டுநருக்குச் சட்டம் மாட்டிவிட்ட முகம் என்று அதைச் சொல்லலாம்.

பிரிட்டன் 1903-ல் மோட்டார் கார் சட்டம் கொண்டு வந்தது. விபத்து நடந்தால் வண்டியை நிறுத்த வேண்டும், கேட்டால் பெயரும் முகவரியும் சொல்ல வேண்டும் என்றது. பிரான்ஸ் 1908 ஜூலை 17 அன்று இன்னும் ஓரடி மேலே போனது. விபத்து நடந்தது தெரிந்தும் பொறுப்பிலிருந்து தப்பிக்க நிற்காமல் போனால் அதுவே தனிக்குற்றம் என்று சட்டம் போட்டது. இடித்தது யாருடைய தவறு என்பது வேறு வழக்கு. ஓடியது தனி வழக்கு! பிரெஞ்சில் இதற்கு 'தெலி த ஃபுயித்' என்று பெயர், அதாவது 'ஓடிப்போகும் குற்றம்'.

ஒரு வேடிக்கையான ஒற்றுமை பாருங்கள். அதே 1908-ல்தான் பாரதியார் கைதிலிருந்து தப்பிப் புதுச்சேரிக்கு வந்தார். 1910-ல் அரவிந்தர் வந்தார். எல்லையைத் தாண்டினால் ஆங்கிலேயப் போலீசின் கை நீளாது என்பதுதான் காரணம். நியாயத்துக்காகப் போராடியவர்களுக்கு அடைக்கலம் தந்த அதே எல்லைதான், இன்று இடித்துவிட்டு ஓடுபவனைத் தேடும் போலீசுக்குத் தலைவலி!

இரண்டு வருடச் சட்டம்

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல். அதன்பின் 1963 அக்டோபர் 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்தது. அதோடு 304ஏ பிரிவும் வந்தது.

கவனக்குறைவால் மரணம் ஏற்படுத்தினால் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை என்றது அந்தப் பிரிவு. அது சேர்க்கப்பட்டது 1870-ல். அதாவது, இந்தியச் சாலையில் மோட்டார் காரே இல்லாத காலத்தில். மாட்டு வண்டிக் காலத்துச் சட்டம்தான் பிறகு லாரிக்கும் பஸ்ஸுக்கும் வெளிநாட்டுக் காருக்கும் பயன்பட்டது. இடித்துவிட்டு நின்றவருக்கும் ஓடியவருக்கும் அந்தப் பிரிவில் வித்தியாசமே இருக்கவில்லை.

வித்தியாசம் காட்டியது மோட்டார் வாகனச் சட்டம். 1988-ம் ஆண்டுச் சட்டத்தின் 134-வது பிரிவு, அடிபட்டவரை ஓட்டுநரே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. கூடவே ஒரு விலக்கும் தருகிறது. கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாமல் போனால் பரவாயில்லை! நின்றால் ஜனங்கள் அடித்துப் போட்டுவிடுவார்கள் என்ற பயம் சட்டப் புத்தகத்திலேயே ஏறியிருக்கிறது. இந்தப் பிரிவை மீறினால் முதலில் தண்டனை 3 மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் அபராதம். 2019 திருத்தத்தில்தான் அது 6 மாதம், 5,000 ரூபாய் என்று உயர்ந்தது.

ஓடுவதால் யாருக்கு லாபம்?

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஓர் உண்மை புரியும். நஷ்டஈட்டுக்குப் பயந்து யாரும் ஓட வேண்டியதே இல்லை. மூன்றாம் நபர் காப்பீடு 1946 ஜூலை 1 முதலே இந்தியாவில் கட்டாயம். காப்பீடு இருந்தால், நின்ற ஓட்டுநரின் பையிலிருந்து பணம் போகாது, கம்பெனிதான் கட்டும். அப்படியானால் ஓடுவது யார்? காப்பீடு இல்லாதவர், லைசென்ஸ் இல்லாதவர், குடித்திருப்பவர், கூட்டத்துக்குப் பயந்தவர்.

குடித்தவரை எடுத்துக்கொள்வோம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். நின்றால் உடனே சோதனை. ஓடி, மறுநாள் வக்கீலோடு சரணடைந்தால் ரத்தத்தில் ஒன்றும் இருக்காது. 2024 ஜூலைக்கு முன் மீதியிருந்தது 304ஏ, அதில் ஜாமீனும் இருந்தது. ஆக, தவறு செய்தவருக்கு நிற்பது நஷ்டம், ஓடுவது லாபம்! இப்படி ஒரு கணக்கைச் சட்டமே எழுதி வைத்திருந்தால் ஓட்டுநர்கள் ஓடத்தானே செய்வார்கள்?

1999 ஜனவரி 10 அதிகாலையில் டெல்லி லோதி சாலையில் ஒரு பி.எம்.டபிள்யூ கார் மோதி 6 பேர் இறந்தார்கள். அவர்களில் 3 பேர் போலீஸ்காரர்கள். கார் நிற்கவில்லை. சாலையில் சொட்டியிருந்த எண்ணெயின் தடத்தைப் பின்தொடர்ந்து போய்த்தான் போலீஸ் அது நின்ற வீட்டைக் கண்டுபிடித்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2012-ல், 13 வருடம் கழித்து.

2002 செப்டம்பரில் மும்பை பாந்த்ராவில் ஒரு பேக்கரிக்கு வெளியே தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது நடிகர் சல்மான் கானின் கார் ஏறி ஒருவர் இறந்தார். 2015 மே மாதம் அமர்வு நீதிமன்றம் 5 ஆண்டு தண்டனை கொடுத்தது. அதே டிசம்பரில் உயர் நீதிமன்றம், அவர்தான் ஓட்டினார் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை செய்தது. வண்டி யாருடையது என்பது தெரியும். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தது யார் என்ற கேள்விக்கு மட்டும் 13 வருடம்!

விட்டுப்போனவர்களுக்கு என்ன?

இடித்த வண்டி கிடைக்கவே இல்லையென்றால் காப்பீடும் கிடையாது. அந்தக் குடும்பத்துக்கு யார் பணம் தருவது? 1982-ல் இதற்கென்று ஒரு நிதி வந்தது. இறந்தவருக்கு 5,000 ரூபாய். 1988 சட்டத்தில் 8,500 ஆனது. 1994-ல் 25,000. அதற்குப் பிறகு 28 வருடம் தொகை நகரவே இல்லை! 2022 ஏப்ரல் 1 முதல்தான் இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 என்று ஆனது.

சரி, எத்தனை பேர் வாங்கினார்கள்? 2022-ல் மட்டும் இந்தியாவில் இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. இறந்தவர்கள் 30,486 பேர். ஆனால் 2022-23 நிதியாண்டில் வந்த விண்ணப்பங்கள் 205 தானாம்! கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கைப் பார்த்தது. வண்டி கிடைக்கவில்லையென்றால், இப்படி ஒரு திட்டம் இருக்கிறது என்று பாதிக்கப்பட்டவர்களிடம் போலீஸே சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. சட்டம் இருந்தும், இருப்பதே தெரியாமல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள்...

ஓடுவது ஓட்டுநர் மட்டுமா? பார்த்தவர்களும்தான் ஓடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் போலீஸ் நம்மையே பிடித்து வைத்துக் கேள்வி கேட்கும் என்ற பயம். இதற்காக சேவ்லைஃப் என்ற அமைப்பு போட்ட வழக்கில் 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம், உதவி செய்பவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்றது. 2019 திருத்தத்தில் 134ஏ என்ற பிரிவாக அது சட்டத்திலேயே ஏறியது. உதவியவர் விரும்பாவிட்டால் பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. இதுவும் பலருக்குத் தெரியாது.

10 வருடமும் லாரிக்காரர்களும்

பிரான்ஸ் 1908-ல் செய்ததை இந்தியா தன் தண்டனைச் சட்டத்தில் 2023-ல்தான் செய்தது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, மரணம் ஏற்படுத்திவிட்டு போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்றது. 2024 ஜனவரி முதல் வாரத்தில் லாரி ஓட்டுநர்கள் நாடு முழுக்க வண்டியை நிறுத்தினார்கள். பல மாநிலங்களில் பெட்ரோல் பங்குகளில் நீண்ட வரிசை. "நின்றால் அடி, ஓடினால் ஜெயில், நாங்கள் என்னதான் செய்வது?" என்பதுதான் அவர்களின் கேள்வி. அரசு பேச்சுவார்த்தை நடத்தியது. 2024 ஜூலை 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அந்த உட்பிரிவு மட்டும் வரவில்லை.

லாரிக்காரர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் சாலையில் கிடந்தவருக்கும் ஒரு கேள்வி உண்டே. "நான் என்ன செய்வது?"

ஒரு நூற்றாண்டுச் சட்டங்களைப் பார்த்தால் இரண்டு வேலைகள் தெரிகின்றன. ஒன்று, ஓடுவதை நஷ்டமாக்குவது. நம்பர் பிளேட், தனிக்குற்றம், 10 வருடம் எல்லாம் அதற்காக. இன்னொன்று, நிற்பதைப் பயமில்லாததாக்குவது. காப்பீடு, உதவுபவருக்குப் பாதுகாப்பு, போலீசுக்குத் தகவல் சொன்னால் போதும் என்ற வழி இவை அதற்காக. முதல் வேலையை மட்டும் செய்தால் ஓடுபவன் இன்னும் வேகமாக ஓடுவான். இரண்டாவதை மட்டும் செய்தால் குடித்தவனுக்குக் கொண்டாட்டம். இரண்டும் சேர்ந்தால்தான் வண்டி நிற்கும்.

இரண்டாவது வேலையில் பாதி நம் கையில் இருக்கிறது. வண்டியை நிறுத்திய ஓட்டுநரைக் கூட்டம் கூடி அடிக்காமல் இருப்பதும், கீழே கிடப்பவரைக் கோரிமேட்டு ஜிப்மருக்கோ பக்கத்து ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோவதும், இடித்த வண்டியின் நம்பரைக் குறித்துக்கொள்வதும் யாராலும் முடிகிற காரியங்கள்தான். நம்பரைக் குறித்துவிட்டால் முத்தியால்பேட்டையில் இடித்தவன் கோட்டக்குப்பத்துக்குப் போனாலும், காலாப்பட்டுக்குப் போனாலும், அந்த நம்பர் கூடவே போகும்.