சரக்குப் பெட்டியில் எழுதிய சரித்திரம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ரயில்வே சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள், கண்டத்தின் இரு கரைகளையும் இணைத்த இருப்புப் பாதையைப் பற்றியும், அதனால் குபேரர்களான முதலாளிகளைப் பற்றியும், மலைகளைக் குடைந்த சுரங்க வழிகளைப் பற்றியும், புகை கக்கிப் பாய்ந்த நீராவி எஞ்சின்களைப் பற்றியும் நூல் நூலாக எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த ரயில்வேக்களுக்கு வருமானத்தின் பெரும்பகுதியைத் தேடித் தந்த சாதாரணச் சரக்குப் பெட்டியைப் பற்றி நெடுங்காலம் எவரும் சிரத்தை எடுத்து எழுதவில்லை. தானியமும் மரமும் தகரடப்பா உணவும் ஏற்றிக்கொண்டு தேசமெங்கும் அலைந்து, பலகை உளுத்ததும் உடைத்துப் போடப்பட்ட அந்தப் பெட்டிகளின் நினைவைக் காப்பாற்றி வைத்தவர்கள் யார் என்று கேட்டால், மாலை வேளைகளில் வீட்டு நிலவறையில் விளக்கின் கீழ் அமர்ந்து, அதே பெட்டியை ஒரு சாணுக்கும் குறைந்த நீளத்தில் செய்து, வர்ணம் பூசி, அதன் பக்கத்தில் எழுத்தும் எண்ணும் பதித்த மாதிரி ரயில்காரர்களே அவர்கள் என்று தயங்காமல் சொல்லலாம்.

தொடக்கத்தில் இது குழந்தைகளின் விளையாட்டுச் சாமானாகத்தான் இருந்தது. ஜெர்மனியில் கோப்பிங்கன் நகரத்து மார்க்லின் நிறுவனம் 1891-இல் பொம்மை ரயில்களுக்கு ஒழுங்கான தண்டவாள அளவுகளை வகுத்தது. நியூயார்க்கில் ஜோஷுவா லயோனல் கோவன் 1900-இல் தொடங்கிய லயோனல் கம்பெனியின் முதல் வண்டி, கடைக்காரர் தம் கண்ணாடிச் சன்னலுக்குள் ஓடவிட்டுத் தெருவில் போவோரை ஈர்ப்பதற்கென்று செய்யப்பட்ட மின்சார வண்டியாகும். பொம்மை ரயில்களில் எழுத்தும் வர்ணமும் பெரும்பாலும் தட்டையான தகரத்திலேயே அச்சிடப்பட்டு, பிறகு தகரம் மடிக்கப்பட்டுப் பெட்டியாயிற்று. சிவப்பும் பச்சையும் மஞ்சளும் பளபளவென்று மின்னின. உண்மையான பெட்டியின் நீள அகல விகிதமோ, அதன் மேல் எழுதியிருக்கும் விவரங்களோ பொம்மைக்கு வேண்டியிருக்கவில்லை; குழந்தையின் முகம் மலர்ந்தால் போதுமானதாயிருந்தது.

பொருளாதார மந்தத்தின் கொடுமை தணியாத 1930-களில்தான் இத்தொழில் பெரியவர்களின் கைக்கு வந்து சேர்ந்தது. மில்வாக்கி நகரில் அல் கால்ம்பாக் 1934 ஜனவரியில் ‘மாடல் ரெயில்ரோடர்’ பத்திரிகையைத் தொடங்கினார். மறு ஆண்டே அதே நகரில் தேசிய மாதிரி ரயில் சங்கம் கூடி, ஒருவர் செய்த சக்கரம் மற்றொருவர் போட்ட தண்டவாளத்தில் தடம்புரளாமல் ஓடும்படி பொது அளவுகளை நிர்ணயிக்க முற்பட்டது. வீட்டில் இடம் குறைவு, கையில் பணமும் குறைவு என்ற நிலையில், அதுவரை வழங்கிய ‘ஓ’ என்ற அளவில் ஏறக்குறைய பாதியான எச்.ஓ. அளவு, அதாவது உண்மையில் 87-இல் ஒரு பங்கானது, விரைவாகப் பரவிற்று. அதில் தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர்தான். நியூஜெர்சியில் இருந்த ஜான் டைலரின் மான்ட்டுவா நிறுவனமும், கார்டன் வார்னியின் நிறுவனமும் எஞ்சின்களையும் பெட்டிகளையும் உதிரிப் பாகங்களாக விற்றன. வாங்கியவர் அவற்றை அரத்தால் ராவி, பற்றவைத்து, ஒட்டி, வர்ணம் பூசி முடிக்க வேண்டும். அளவு சரியாக வந்ததும் அடுத்த கேள்வி தானாகவே எழுந்தது: இந்தப் பெட்டியின் பக்கத்தில் என்ன எழுதுவது?

இந்தக் கேள்வியில் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் இத்தொழிலின் சரித்திரம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அமெரிக்கச் சரக்குப் பெட்டி தன் சொந்த ரயில்வேயின் எல்லைக்குள் அடைபட்டுக் கிடப்பதன்று. மேய்ன் மாகாணத்துப் பெட்டி கலிபோர்னியாவில் சரக்கு இறக்கும். பென்சில்வேனியா ரயில்வேயின் பெட்டியில் டெக்ஸாஸ் கூலியாட்கள் பஞ்சுப் பொதி ஏற்றுவார்கள். இப்படிக் கைமாறிக் கைமாறிப் புழங்கும் பெட்டி, தன்னைப் பற்றிய விவரங்களை முன்பின் அறியாத ஊழியருக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. எனவே 1867-இல் தோன்றிய பெட்டி கட்டும் தலைமைத் தொழிலாளர் சங்கமும், பிற்காலத்தில் அதன் பொறுப்பை ஏற்ற அமெரிக்க ரயில்வேக்களின் சங்கமும் இந்த எழுத்துகளுக்கு விதிகள் வகுத்தன. இடது பக்கத்தில் ரயில்வேயின் பெயரெழுத்துகளும் பெட்டியின் எண்ணும். அவற்றின் கீழ், பெட்டி தாங்கும் சரக்கின் அளவும், ஏற்றக்கூடிய உச்ச எடையும், பெட்டியின் வெற்று எடையும் ராத்தல் கணக்கில். வலது பக்கத்தில் உள்ளளவு நீளம், அகலம், உயரம், கன அடி, பெட்டி கட்டப்பட்ட மாதமும் ஆண்டும். நம் நாட்டுக் கூட்ஸ் வண்டிகளின் பக்கங்களிலும் வெற்று எடையும் பணிமனைத் தேதியும் எழுதியிருப்பதைக் கண்டவர்களுக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது.

இவற்றுள் மிகவும் ரசமானது வெற்று எடைதான். மரப் பெட்டி மழையில் ஊறினால் கனக்கும். வெயிலில் காய்ந்தால் இலேசாகும். பலகை மாற்றினால் எடை மறுபடியும் மாறும். சரக்குக் கட்டணமோ, நிறுத்த எடையிலிருந்து பெட்டியின் எடையைக் கழித்துக் கணக்கிடப்பட்டது. ஆகையால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெட்டியை எடைமேடையில் நிறுத்தி, பழைய எண்ணின் மேல் புது வர்ணத்தைப் பூசி மறைத்து, புதிய எண்ணையும், நிறுத்த ஊரின் குறியீட்டையும், மாதத்தையும் ஆண்டையும் துளைத்தகட்டை வைத்து எழுதினார்கள். அழுக்கேறிய பெட்டியின் பக்கத்தில் அந்தச் சிறு சதுரம் மட்டும் புத்தம் புதிதாக இருக்கும். அதற்கும் கீழே, சக்கர அச்சின் முனையைத் தாங்கும் பெட்டிக்குள் எண்ணெயில் ஊறிய கழிவு நூலைக் கடைசியாக எப்போது மாற்றியடைத்தார்கள் என்ற குறிப்பும் உண்டு; நூல் வறண்டால் அச்சு சூடேறித் தீப்பற்றும் என்பதால் அந்தத் தேதி உயிர் காக்கும் தேதியாகும். தம் சிறு ரயில் உலகத்தை 1937 அக்டோபர் மாதத்தில் நிறுத்திவைத்திருக்கும் ஒருவர், 1938-ஆம் ஆண்டு எடை தேதி எழுதிய பெட்டியை அதில் ஓடவிட மனம் ஒப்புவாரா? ஒப்பமாட்டார், அந்தக் கட்டுப்பாடுதான் அவரைப் பழைய புகைப்படங்களையும் பதிவேடுகளையும் தேடிப் போக வைத்தது.

எழுத்துகளை அந்த அளவில் பதிப்பது எளிதன்று. உண்மைப் பெட்டியில் 9 அங்குல உயரமுள்ள எழுத்து எச்.ஓ. அளவில் இரண்டரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். 3 அங்குல எழுத்தோ ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. ஆதியில் சிலர் நுண்ணிய தூரிகையாலும் கோடு போடும் பேனாவாலும் வெள்ளை மையைத் தொட்டு ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்கள். பிறகு டெக்கால் வந்தது. பசை பூசிய காகிதத்தின் மேல் மெல்லிய வார்னிஷ் ஏட்டில் எழுத்துகளை அச்சிட்டு, மில்வாக்கியின் வால்தர்ஸ் நிறுவனமும், வடக்கு டகோட்டா மாகாணத்து மைனாட் ஊரின் சாம்பியன் நிறுவனமும் பிறவும் விற்றன. வேண்டிய துண்டைக் கத்தரித்து நீரில் நனைத்துச் சற்றுப் பொறுத்தால், ஏடு காகிதத்தை விட்டு வழுகும். அதைப் பெட்டியின் பக்கத்தில் நகர்த்தி, நேர் பார்த்து, ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். பளபளப்பில்லாத சொரசொரப்பான வர்ணத்தின் மேல் ஒட்டினால் ஏட்டின் அடியில் காற்று தங்கி வெள்ளி போல மின்னி, ஒட்டிய குட்டு வெளிப்பட்டுவிடும். ஆதலால் முதலில் பளபளப்பான பூச்சு, அதன் மேல் எழுத்து, அதன் மேல் ஏட்டை இளக்கும் திரவம், எல்லாம் உலர்ந்தபின் மினுக்கத்தைப் போக்கும் மங்கல் பூச்சு என்ற வரிசை வழக்காயிற்று. அந்தத் திரவம் பட்டதும் ஏடு சுருங்கிக் கெட்டுவிட்டதுபோலத் தோன்றும். அப்போது கைவைக்காமல் பொறுத்திருந்தால், நனைந்த துணி உடம்போடு ஒட்டுவதுபோல ஆணித்தலைகளின் மேலும் பலகை இடுக்குகளிலும் படிந்து, எழுத்து வர்ணத்தோடு வர்ணமாகிவிடும்.

இரண்டாம் உலக யுத்தம் வந்தபோது உலோகம் போர்த்தளவாடங்களுக்குப் போய்விட்டது. லயோனல் கம்பெனி 1943-இல் அட்டைக் காகிதத்தால் ஆன ரயிலை விற்றது. யுத்தத்துக்கு முன் துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்கள் பலவற்றுக்கு வேறொரு விபத்து நேர்ந்தது: கலவையில் சிறிதளவு ஈயம் கலந்துவிட்டாலும், உலோகம் ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளுக்குள்ளேயே வெடித்துப் பொடியாய்ப் போயிற்று. மெல்லிய மரத்தில் பலகைக் கோடு கீறி, கம்பியை வளைத்துக் கைப்பிடி செய்து, மூன்றில் ஒரு மில்லிமீட்டர் துளையில் செருகிக் கட்டிய பெட்டிகளோ இன்றும் அப்படியே நிற்கின்றன.

வர்ணத்தின் கதை எழுத்தின் கதையைவிட வாதத்துக்கு இடமானது. சரக்குப் பெட்டிகள் பெரும்பாலும் செம்பழுப்பு நிறமாயிருந்ததற்குக் காரணம் அழகுணர்ச்சியன்று; இரும்புத் துரு மண்ணிலிருந்து கிடைக்கும் வர்ணம் மலிவானது, வெயிலுக்கும் தாங்கும். ஆனால் ஒவ்வொரு ரயில்வேயின் செம்பழுப்பும் வேறு; ஒரே ரயில்வேயின் செம்பழுப்பும் காலத்துக்குக் காலம் வேறு. ஃப்ளோக்குவில் என்ற பெயரில் ரயில்வே நிறங்கள் சிறு குப்பிகளில் கிடைத்தன. அவை 2013-இல் நிறுத்தப்படும் வரை பல தலைமுறையினர் அந்தக் குப்பிகளின் பெயர்களாலேயே நிறங்களை அறிந்திருந்தார்கள். உண்மையான வர்ணத்தையே கொண்டுவந்து சிறு பெட்டியில் பூசினாலும் அது கருத்துத் தெரியும் என்பது அனுபவசாலிகள் கண்ட சூட்சுமம். உண்மைப் பெட்டியை நாம் திறந்த வானத்தின் கீழ் தூரத்திலிருந்து பார்க்கிறோம். சிறு பெட்டியையோ மஞ்சள் விளக்கொளியில் அரை கஜத்திலிருந்து பார்க்கிறோம். எனவே சற்று வெள்ளை கலந்து வெளிறச் செய்வதே விவேகம் என்ற கட்சியினரோடுதான் நானும் உடன்படுகிறேன்.

செம்பழுப்பு வெள்ளத்தின் நடுவே வண்ணக்கோலமாய்த் திகழ்ந்தவை, பனிக்கட்டி வைத்துக் குளிரூட்டிய பெட்டிகள். இறைச்சி, வெண்ணெய், பீர் வியாபாரிகள் அவற்றை வாடகைக்கு எடுத்துத் தங்கள் விளம்பரங்களைப் பக்கம் முழுவதும் எழுதினார்கள். ஒரு வியாபாரியின் விளம்பரம் எழுதிய பெட்டியில் போட்டி வியாபாரி தன் சரக்கை ஏற்றச் சம்மதிப்பானா? 1934-இல் மாகாணங்களுக்கிடையிலான வர்த்தக ஆணையம் அவ்விளம்பரங்களுக்குத் தடை விதித்தது; சில ஆண்டுகளுக்குள் அவை மறைந்தன. மறைந்தவற்றின் மேல் மாதிரி ரயில்காரர்கள் கொண்ட மோகமோ இன்றளவும் தணியவில்லை.

எஞ்சின்களின் விஷயத்தில் யுத்தத்துக்குப் பின் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. ஜப்பானில் சிறு பட்டறைகளில் பித்தளைத் தகட்டை வெட்டி, அழுத்தி, பற்றவைத்து, அமெரிக்க எஞ்சின்களின் மிக நுட்பமான பிரதிகளைச் செய்தார்கள். வாஷிங்டன் மாகாணத்துப் பசிபிக் ஃபாஸ்ட் மெயில் முதலிய இறக்குமதி நிறுவனங்கள் அவற்றைத் தருவித்தன. டாலருக்கு 360 யென் என்ற மாற்று விகிதம் 1971-இல் முறிந்து யென் உயர்ந்தபின் அந்தத் தொழில் படிப்படியாகத் தென்கொரியாவுக்குப் பெயர்ந்தது. பொன்போல் மின்னும் அந்த எஞ்சின்களைச் சேகரிப்போரில் பலர், வர்ணம் பூசினால் விலை குறையும் என்று அஞ்சி, அப்படியே கண்ணாடி அலமாரியில் வைத்தார்கள். எனக்கு அது எஞ்சினுக்குச் செய்த அநீதியாகவே படுகிறது. துணிந்தவர்கள் மோட்டாரைக் கழற்றி, எண்ணெய்ப் பசை போகக் கழுவி, வர்ணம் பற்றுவதற்காகக் காடியில் ஊறவைத்து, ஏர்பிரஷ் கருவியால் மெல்லிய பூச்சாகத் தெளித்து, சமையலறை அடுப்பின் மிதமான சூட்டில் வாட்டி எடுத்தார்கள்.

எஞ்சின்களுக்குப் பூசிய கறுப்பு வர்ணமும் வெறும் கறுப்பாக நிற்கவில்லை. கலிபோர்னியாவில் மான்ட்டரே ஊரில் வாழ்ந்த புகைப்படக் கலைஞர் ஜான் ஆலன், தாமே கற்பனை செய்த ரயில்வே ஒன்றை வீட்டில் நிர்மாணித்து, எஞ்சினின் உடலில் கொதிநீர் வழிந்த சுண்ணாம்புக் கறையையும், சாம்பலையும், துருவையும், எண்ணெய் படிந்த மினுக்கத்தையும் வர்ணத்தால் காட்டி, புதுமை மாறாத பொம்மைக் கோலத்துக்கு விடை கொடுத்தார். அவர் 1973 ஜனவரியில் காலமான சில நாட்களுக்குள் அந்த நிர்மாணம் தீயில் அழிந்துவிட்டது; அவர் எடுத்த புகைப்படங்களே இன்று சாட்சி.

1950-களிலிருந்து பிளாஸ்டிக் பெட்டிகள் வர்ணமும் எழுத்தும் அச்சிட்டபடியே கடைக்கு வந்தன. கைத்திறன் அழிந்தது என்று வருந்தியவர்கள் பலர். ஆனால் ஒரே அச்சில் வார்த்த பெட்டிக்கு, அத்தகைய பெட்டியைக் கண்டேயிராத ரயில்வேக்களின் பெயர்களையெல்லாம் அச்சிட்டு விற்றபோது, விஷயம் தெரிந்தவர்கள் பொறுக்கவில்லை. எது உண்மை என்று நிரூபிக்கப் புறப்பட்டார்கள். 1879-இல் முதன்முதல் வெளிவந்த பெட்டி கட்டுவோர் அகராதியும் அதன் பிற்காலப் பதிப்புகளும், புதுப் பெட்டியை ஆலை வாசலில் நிறுத்தி எடுத்த புகைப்படங்களும் அவர்களுக்குப் பிரமாணங்களாயின. யுத்த காலத்தில் 1942, 1943 ஆண்டுகளில் ஜாக் டெலானோ அரசாங்கத்துக்காகச் சிகாகோ ரயில் நிலையச் சரக்கு முற்றங்களில் எடுத்த வண்ணப் படங்களை உருப்பெருக்கி, ஒவ்வொரு பெட்டியின் நிறத்தையும் எண்ணையும் படித்தார்கள். ஸ்மித்ஸோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் எச். வைட் சரக்குப் பெட்டிக்கென்றே ஒரு பெருநூலை 1993-இல் வெளியிட்டபோது, அந்த விஷயத்தை ஏற்கெனவே துருவித் துருவி ஆராய்ந்திருந்த வாசகர்கள் அதற்குக் காத்திருந்தார்கள்.

அவர்கள் எழுப்பிய கேள்விகளில் ஒன்று பொருளாதார சரித்திரக்காரருக்கும் உரியது: ஒரு சரக்கு ரயிலில் அந்நிய ரயில்வேக்களின் பெட்டிகள் எந்த விகிதத்தில் இருந்திருக்கும்? மாதிரி ரயிலில் எத்தனை பென்சில்வேனியாப் பெட்டிகள் வேண்டும் என்பதற்காக எழுந்த கேள்விதான் அது. விடை தேடி, வண்டியின் பொறுப்பாளரான கார்டுகள் பயணந்தோறும் பென்சிலால் எழுதிவைத்த பழைய குறிப்பேடுகளை அவர்கள் புரட்டினார்கள். பெட்டியின் பெயரெழுத்து, எண், சரக்கு, போகுமிடம் ஆகியவை அவற்றில் வரிசையாக இருந்தன. மூடிய சாதாரணப் பெட்டிகள், தேசம் முழுவதிலும் ஒவ்வொரு ரயில்வேயும் எத்தனை பெட்டி வைத்திருந்ததோ அதே விகிதத்தில்தான் எங்கும் கலந்து ஓடின என்று ஒரு சாரார் கணக்கிட்டுக் காட்டினார்கள். அக்கம்பக்கத்து ரயில்வேக்களின் பெட்டிகளே மிகுதியாக வந்திருக்கும் என்று மறு சாரார் வாதித்தார்கள். வாதம் தீராவிட்டாலும், குறிப்பேட்டில் கண்ட எண்ணையே தம் பெட்டியின் பக்கத்தில் ஒட்டி, அன்று அது சுமந்த சரக்கின் பெயரையே சரக்குச் சீட்டில் எழுதி ஓட்டுவது இரு சாராருக்கும் வழக்கமாகிவிட்டது.