குகைக்குள் பெய்த மழை

உத்திரமேரூர் செல்லும் வழியில் ஒரகடத்தில் வண்டியை நிறுத்தியிருந்தோம். ஒருபுறம் கார்த் தொழிற்சாலைகளின் நெடுமதில்கள், மறுபுறம் ஏரிக்கரை. உடன் வந்த நண்பர் கேட்டார்: "ஏரி வாரியத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, அந்த ஏரிகளை நிரப்பிய மழையைப் பற்றி ஏதாவது தெரியுமா?"

எங்களிடம் விடையில்லை. முதலாம் பராந்தகனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921) ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்வு செய்யும் முறையை நுணுக்கமாகச் சொல்கின்றன. மழைக்கணக்கு அவற்றின் வேலையன்று. சென்னையில் முறையான மழைப்பதிவு 1813ல்தான் தொடங்குகிறது. இடையில் ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகள்.

காலடியில் இருக்கும் பாறையைக் கேட்கலாமா? ஸ்ரீபெரும்புதூர் வைணவர்க்கு எம்பெருமானார் அவதரித்த தலம். நிலவியலாளருக்கோ அது ஒரு பாறைப் படிவத்தின் பெயர். இப்பகுதிக் களிப்பாறைகளில் கிடைத்த தாவரப் புதைபடிவங்களை, கல்கத்தாவில் பணியாற்றிய பொஹீமியரான ஓட்டோகர் ஃபைஸ்ட்மாண்டல் ஆராய்ந்து 1879ல் வெளியிட்டார். ஆனால் அவை பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. சோழர் கால மழையை அவற்றிடம் கேட்க முடியாது. அதைக் கேட்கச் சுண்ணாம்புக் குகை வேண்டும். அது தொண்டை நாட்டின் இப்பகுதியில் இல்லை. எனவே சற்றுத் தொலைவு போக வேண்டியிருக்கிறது.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு குகையின் கூரையிலிருந்து சொட்டுகிறது. சொட்டிய இடத்தில் சுண்ணாம்பு படிந்து, தரையிலிருந்து ஒரு கல்முளை எழுகிறது. ஆங்கிலத்தில் ஸ்டாலக்மைட் என்பார்கள். நீரில் உள்ள ஆக்சிஜனில் எடை குறைந்தது 16, கூடியது 18 என இரு வகைகள் முக்கியமானவை. பருவமழை வலுத்துப் பெய்யும் காலத்தில் மழைநீரில் எடை கூடியதன் பங்கு குறைகிறது. அந்தப் பங்கு அப்படியே கல்லின் அடுக்கில் பதிவாகிவிடுகிறது. மழையை எழுதுவது இந்த ஆக்சிஜன். ஆனால் எந்த ஆண்டின் மழை என்பதை அது சொல்வதில்லை. அங்கேதான் ஓர் ஆய்வகத்தின் கை மட்டும் போதாமல் போகிறது.

இத்துறையை நம் நாட்டில் வளர்த்தவர்களுள் ஒருவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த ரெங்கசாமி ரமேஷ் (1956-2018). அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் காஷ்மீர் மரங்களின் வளையங்களில் தொடங்கினார். அந்த ஆய்வு, எஸ்.கே. பட்டாசார்யா, கே. கோபாலன் ஆகியோருடன் 1985ல் 'நேச்சர்' இதழில் வந்தது. பிறகு எம்.ஜி. யாதவாவுடன் குகைகளுக்குள் இறங்கினார். உத்தர கன்னட மாவட்டத்து அகலகவி குகையின் கல்முளை ஒன்றில் 331 ஆண்டு அடுக்குகளை எண்ணிப் படித்தார்கள். 2004ல் வெளியான அக்கட்டுரையில் பூனா வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் ஜி.பி. பந்த்தும் இணைந்திருந்தார். கல்லைப் படிப்பவரும் மழைக்கணக்கைப் படிப்பவரும் ஒரே மேசையில் அமர்ந்தது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

அடுக்குகளை எண்ண இயலாத பழங்கல் என்றால்? பஸ்தரின் தண்டக் குகையிலும் (ஆம், தண்டகாரண்யமேதான்) ஒடிசாவின் குப்தேஸ்வரிலும் எடுத்த கற்களுக்கு இருவரும் ரேடியோகார்பன் முறையில் வயது கண்டு 2005ல் வெளியிட்டார்கள். அதில் ஒரு சங்கடம் உண்டு. படிவிலுள்ள கார்பனில் ஒரு பகுதி பழைய சுண்ணாம்புப் பாறையிலிருந்து வந்தது. அதில் ரேடியோகார்பன் எப்போதோ தீர்ந்துபோயிருக்கும். இளம் படிவு கிழவேடம் போட்டுவிடும். அதற்குத் திருத்தம் செய்தாக வேண்டும். யுரேனியம்-தோரியம் முறையில் இந்தத் தொல்லை இல்லை. நீரில் யுரேனியம் கரையும், தோரியம் அநேகமாகக் கரையாது. ஆகவே படிவில் இருக்கும் தோரியம் பெரும்பாலும் அங்கேயே யுரேனியத்திலிருந்து பிறந்தது. அதை அளந்தால் வயது கிடைக்கும். அவ்வளவு நுண்ணிய அளவீட்டுக்குப் பெயர்பெற்றது மினசோட்டா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் எட்வர்ட்ஸும் ஹை செங்கும் நடத்திய ஆய்வகம்.

2007ல் அதே தண்டக் குகையைப் பற்றி வெளியான கட்டுரையில் எட்டுப் பெயர்கள். முதலில் கலிஃபோர்னியாவிலிருந்த ஆஷிஷ் சின்ஹா. அவருடன் கெவின் கன்னாரியாட்டோ, லோவெல் ஸ்டாட், மினசோட்டாவின் இருவர், அகமதாபாத்தின் இருவர், லக்னோவின் இந்திர பீர் சிங். பொ.ஆ. 600 முதல் 1500 வரையிலான பருவமழையை அவர்கள் வரைந்தார்கள். பதினான்காம் நூற்றாண்டிலும் பதினைந்தின் நடுவிலும் மழை நெடுநாள் பொய்த்திருக்கிறது. தக்காணத்தில் 1396 தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்ததாகச் சொல்லப்படும் துர்காதேவிப் பஞ்சம், வரலாற்றேடுகளில் மட்டும் இருந்தது. இப்போது அதற்குக் கல்லும் சாட்சி.

இங்கே நமக்கு ஓர் ஆசை எழுகிறது. 1279ல் சோழர் முடிந்ததற்கும் இந்த மழையையே காரணம் சொல்லிவிடலாமே? எச்சரிக்கை வேண்டும் என்பது எம் கருத்து. தண்டக் குகை பேசுவது தென்மேற்குப் பருவமழையை. குடகில் பெய்து காவிரியை நிரப்புவது அந்த மழைதான் என்பதால், தஞ்சையைப் பற்றிப் பேச அதற்குக் கொஞ்சம் உரிமை உண்டு. ஆனால் பஸ்தரும் குடகும் ஒன்றல்ல. தொண்டை நாட்டு ஏரிகளுக்கோ பெரும்பகுதி நீர் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வருவது. 2015 டிசம்பர் முதல் நாள் செம்பரம்பாக்கத்தை நிரப்பி, இந்தத் தொழிற்சாலைகளையும் முடக்கிய மழை அந்த இனத்தைச் சேர்ந்தது. ஒன்று பொய்த்த ஆண்டில் மற்றது கொட்டித் தீர்க்கவும் கூடும்.

2017ல் தொடங்கிய சிசல் என்னும் பன்னாட்டுக் குழு உலகக் குகைப் படிவுகளின் அளவீடுகளை ஒரே தொகுப்பாக்கிப் பொதுவில் வைத்திருக்கிறது. அதன் மூன்றாம் பதிப்பை 2024ல் முன்னின்று வெளியிட்டவர் நிகிதா கௌஷல். நண்பருக்கு இவற்றையெல்லாம் எழுதி அனுப்பினோம். உத்திரமேரூர்ச் சுவரில் குடவோலை விதிகள் பொறிக்கப்பட்ட நாட்களில் பஸ்தரில் பெய்த மழையைப் பற்றி ஏதோ சொல்ல முடிகிறது, ஒரகடத்து மழையைப் பற்றி அதைக்கொண்டு சொல்ல முடியாது என்று. "அப்படியானால் என் கேள்வி இன்னும் நிற்கிறது" என்று பதில் வந்தது.