ஒரு புகைப்படமும் இரு தடைகளும்

1972 ஜூன் 8 அன்று தென் வியட்நாமின் டிராங் பாங் சாலையில், நேபாம் தீயில் உடை எரிந்துபோய் அலறியபடி ஓடிவந்த ஒன்பது வயதுச் சிறுமி கிம் ஃபுக்கின் படத்தை அறியாதார் குறைவு. அது உலகை எட்டுமுன் ஒரு தடையைக் கடந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நிர்வாணம் கூடாதென்ற விதியைக் காட்டி, அசோசியேட்டட் பிரஸ்ஸின் சைகோன் அலுவலகத்தில் ஓர் ஆசிரியர் அதை ஒதுக்கினார். ஹோர்ஸ்ட் ஃபாஸ் நியூயார்க்கோடு வாதாடி விதிவிலக்குப் பெற்றார். 1973இல் நிக் உட்டுக்குப் புலிட்சர் பரிசு.

2016இல் நார்வே நாவலாசிரியர் டோம் ஈகெலான், போர்களின் வரலாற்றை மாற்றிய ஏழு படங்களுள் ஒன்றாக அதை முகநூலில் இட்டார். படம் நீக்கப்பட்டது. அதற்குக் கிம் ஃபுக்கே தெரிவித்த கண்டனத்தை அவர் பகிர, கணக்கும் தற்காலிகமாக முடக்கப்பட்டது. படத்திலிருப்பவரின் குரலுக்கே அங்கு இடமில்லை!

தற்காலிக முடக்கம் விசித்திரமான தண்டனை. வாசிக்கலாம், எழுத இயலாது; தன்னைப் பற்றிய விவாதத்தைத் தானே வாய்பொத்திப் பார்த்திருக்கலாம். ஃபாஸுக்கு மறுமுனையில் வாதத்தைக் கேட்க ஒரு மனிதராவது இருந்தார். ஈகெலானுக்கு அதுவும் இல்லை.

செப்டம்பர் 9 அன்று ஆஃப்டன்போஸ்டன் நாளிதழின் ஆசிரியர் எஸ்பென் எகில் ஹான்சென், மார்க் ஸுக்கர்பெர்குக்கு முதற்பக்கத்திலேயே பகிரங்கக் கடிதம் எழுதினார். பிரதமர் எர்னா சூல்பர்க் இட்ட படமும் அழிக்கப்பட்டது. அன்றே முகநூல் பணிந்தது. பிரதமரும் நாளிதழும் துணைக்கு வராத எழுத்தாளரின் கதி என்னவாகியிருக்கும்?

படத்தின் வழக்கு இன்னும் ஓயவில்லை. எடுத்தவர் யாரென்ற ஐயத்தில், 2025 மே மாதம் வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பு நிக் உட்டின் பெயரை நிறுத்திவைத்தது. அசோசியேட்டட் பிரஸ் அவர் பெயரை நீக்க மறுத்துவிட்டது.