தடையினால் நிலைத்த காடு: உடவத்தகெலே பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கண்டியிலே தலதா மாளிகைக்குப் பின்புறமாக எழுந்து நிற்கும் குன்றினை மூடியிருப்பது உடவத்தகெலே எனும் காடாகும். அதன் பரப்பு ஏறத்தாழ 104 ஹெக்டேயர். 'உட' என்பது மேல், 'வத்த' என்பது தோட்டம், 'கெலே' என்பது காடு. அரண்மனைக்கு மேலேயுள்ள தோட்டக்காடு என்பதே இச்சிங்களப் பெயரின் பொருள். கண்டியின் பழம்பெயரான செங்கடகல என்பதையும் இக்குன்றின் குகையொன்றில் வாழ்ந்த செங்கண்ட என்ற பிராமணனோடு இணைத்து ஐதீகம் கூறும். ஐதீகத்தை வரலாறாகக் கொள்ளுதல் இயலாதெனினும், நகரின் தோற்றம் பற்றிய நினைவு காட்டோடு பிணைந்திருத்தல் கவனிக்கத்தக்கது.

மன்னரின் இயற்கைப் பற்றே இக்காட்டைக் காத்தது என்பர் சிலர். இக்கூற்று ஆராயத்தக்கது. மக்கள் இதனைத் 'தஹன்சி கெலே', அதாவது விலக்கப்பட்ட காடு என வழங்கினர். குடிகள் உட்புகுதல் தடுக்கப்பட்டிருந்தது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் படையெடுத்துவந்த காலங்களிலே கண்டி இராச்சியம் மலையையும் காட்டையுமே தன் அரணாகக் கொண்டிருந்தது. (அரணின் உறுப்புகளுள் காட்டையும் வள்ளுவர் எண்ணியமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.) ஆகவே, காட்டைக் காத்ததில் இயற்கைப் பற்றினும் அரச உரிமையும் அச்சமுமே மிகுந்திருந்தன என்பது எமது கருத்து.

1815இல் கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. குன்றின் அடிவாரத்தில் அவர்தம் படையினருக்கான இடுகாடு அமைந்தது. 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த வில்மட் ஹோட்டனின் மனைவி பெயரால் காட்டினூடே ஒரு பாதை வழங்கலாயிற்று. ஆங்கிலக் கவி பைரன் 1814இல் கண்டு கவிபாடியவர் இவ்வம்மையாரே. பின்னரும் தேசாதிபதிகளின் மனைவியர் சிலரின் பெயர்கள் இங்குள்ள பாதைகளுக்குச் சூட்டப்பட்டன. இதே காலத்திலேதான் கண்டியைச் சூழ்ந்த மலைக்காடுகள் கோப்பிச் செய்கைக்காக அழிந்தன. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலங்கள் தொடர்பான கட்டளைச் சட்டம் அதற்கு வழிவகுத்தது. அத்தோட்டங்களில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து ஏழைகள் ஆயிரக்கணக்கில் வந்தனர். அவ்வழிவிலும் இக்குன்று தப்பியது. அதிகாரிகளும் அவர்தம் குடும்பத்தினரும் உலாவும் இடமாயிருந்தமை அதற்கொரு காரணம் எனலாம். 1856இல் இது ஒதுக்கக் காடாக்கப்பட்டது. மன்னனின் தடை சட்டத்தின் தடையாக உருமாறியது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், 1938இல் சரணாலயமாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது.

எனினும் இதனைத் தொன்றுதொட்டு மாறாத கன்னிக்காடு எனக் கருதுதல் தவறு. தென்னமெரிக்காவுக்குரிய பால்சம் மரமும் மகோகனியும் இங்கு இன்று பரவலாக நிற்கின்றன. சிறகு போன்ற உறையையுடைய பால்சம் விதையைக் காற்று நெடுந்தொலைவு கொண்டுசெல்கிறது. தாய்மரத்தின் கீழ் நாற்றுகள் பாய் விரித்தாற்போல் அடர்ந்து, சுதேச மரக்கன்றுகள் எழ இடங்கொடாதிருக்கின்றன. வேலியும் காவலும் மனிதரைத் தடுத்தன, விதையைத் தடுக்கவில்லை. நகரின் வீடுகளோ காட்டின் எல்லைவரை நெருங்கிவிட்டன. கோடரி புகாமற் காக்கப்பட்ட இக்காட்டிலே, சுதேச மரங்கள் பிழைக்கவேண்டுமாயின், அந்நிய மரங்களின்மீது இனிக் கோடரி வைத்தே ஆகவேண்டும்.