மூன்று புள்ளடி: மத்திய கொழும்புத் தொகுதியின் தேர்தல் வரலாற்றிலிருந்து

எல்லை நிர்ணயம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம்மவர் வாயில் ஒரு சொல் தவறாமல் வரும்: பல அங்கத்தவர் தொகுதி. அது திரும்ப வந்தால் நமது பிரதிநிதித்துவம் தப்பிவிடும் என்பார்கள். நாமும் தலையாட்டிவிட்டு வருவோம். அந்தத் தொகுதி எப்படி வேலை செய்தது என்று கேட்டால்தான் சிக்கல். உயர்தர வகுப்பில் ஒரு முறை இதைச் சொன்னபோது, "ஒரு ஆளுக்கு மூணு வோட்டா சேர்?" என்று ஒரு மாணவன் நம்பாமல் கேட்டான். அவனுக்குக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

மத்திய கொழும்பு மூன்று அங்கத்தவரைத் தெரிவுசெய்த தொகுதி. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்கு. அவற்றை மூன்று பேருக்குப் பிரித்தும் போடலாம், மூன்றையும் ஒரே ஆளுக்கும் போடலாம். சூட்சுமம் முழுவதும் இந்தக் கடைசி வசதியில்தான் இருந்தது. ஆயிரம் பேர் வாக்களிக்கிறார்கள் என்று வைப்போம். அதில் 251 பேர் தங்கள் மூன்று புள்ளடியையும் ஒருவருக்கே இட்டால் அவருக்கு 753 வாக்கு. மீதி 749 பேர் என்னதான் கட்டுக்கோப்பாக நின்று தங்கள் 2,247 வாக்கையும் மூன்று பேருக்குச் சமமாகப் பங்கிட்டாலும், ஆளுக்கு 749 தான். ஆக, தொகுதியில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேலே இருக்கும் கூட்டம் பிரியாமல் நின்றால், அதன் ஆளை எவராலும் தடுக்க இயலாது. இரண்டு அங்கத்தவர் தொகுதியில் இதே கணக்குக்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே வேண்டும்.

இந்த ஏற்பாடு ஏன் வந்தது என்பதற்கு 1936க்குப் போக வேண்டும். அந்த ஆண்டின் அரசாங்க சபைப் பொதுத் தேர்தலில் முஸ்லிம் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. ரி. பி. ஜாயாவும் ராசிக் பரீதும் நியமன உறுப்பினராகவே உள்ளே போனார்கள். மத்திய கொழும்பு அப்போது ஓர் அங்கத்தவர் தொகுதி. 1931இலும் 1936இலும் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவிடமே இருந்தது. சோல்பரி யாப்பு, இனம், மதம் முதலிய பொது நலன்களால் ஒன்றுபட்ட மக்கள் செறிந்து வாழும் இடங்களில் பல அங்கத்தவர் தொகுதி அமைக்க இடமளித்தது. 1947இல் 89 தொகுதிகளிலிருந்து 95 பேர் தெரிவானார்கள். அவற்றுள் மூன்று ஆசனம் கொண்டது மத்திய கொழும்பு மட்டும்.

மருதானை, புதுக்கடை, வாழைத்தோட்டம், மாளிகாவத்தை என்று சொன்னாலே அந்தத் தொகுதியின் முகம் தெரிந்துவிடும். 1947இல் அங்கிருந்து மூவர் போனார்கள்: சிங்களத் தொழிற்சங்கவாதி குணசிங்க, சாஹிறாவைக் கட்டியெழுப்பிய மலாய் ஆசிரியர் ஜாயா, பறங்கியரான கொம்யூனிஸ்ட் பீற்றர் கெனமன். மூவரும் மூன்று வேறு கட்சி. ஜாயா முதல் அமைச்சரவையில் தொழில், சமூக சேவை அமைச்சரானார். நம் கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில் ஜாயாவைப் புகழ்ந்து நின்றுவிடுகின்றன. புகழ வேண்டியவர்தான். ஆனால் இந்தத் தொகுதியை விளங்கிக்கொள்ள நான் பார்ப்பது கெனமனை.

பறங்கியர் வாக்கை நம்பி மத்திய கொழும்பில் எவரும் வெல்ல இயலாது. அப்படியிருந்தும் கெனமன் 1947 முதல் 1977 வரை முப்பது வருடம் அந்த ஆசனத்தை விடவில்லை. 1965இலும் 1970இலும் தெரிவான மூவர் ஆர். பிரேமதாச, பளீல் ஏ. கபூர், கெனமன், சிங்களவர் ஒருவர், முஸ்லிம் ஒருவர், பறங்கியர் ஒருவர். பிரேமதாசவும் கபூரும் ஐ.தே.க. 1970இல் நாடு முழுவதும் அந்தக் கட்சி சரிந்த வேளையிலும் இங்கே இரண்டு ஆசனம் அதற்குத்தான். சமூகத்துக்காக அமைத்த கதவு, தொழிலாளி வர்க்கத்தின் கொள்கைக்கும் திறந்தது. "முஸ்லிம் ஆசனம்" என்று இதைச் சுருக்கிச் சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுகிறோம். 1947, 1965, 1970, 1977 ஆகிய நான்கு பொதுத் தேர்தலிலும் அங்கே தெரிவானவர்களில் தமிழர் எவருமில்லை. கொழும்பில் தமிழர் இல்லாமலா? 1948, 1949 சட்டங்கள் இந்திய வம்சாவளியினரின் பிரஜாவுரிமையையும் வாக்கையும் பறித்த பிறகு, புள்ளடி போடக் கையிருந்தும் உரிமையில்லாதவர் எத்தனை பேர்! வாக்குமுறை எவ்வளவு நல்லதானாலும் வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தால்தானே.

1977 அலையில்தான் இந்த முறையின் பலம் பளிச்சென்று தெரிந்தது. ஐ.தே.க. நாட்டையே வாரிக்கொண்டு போனது. ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு மிஞ்சியது வெறும் எட்டு ஆசனம். அந்த எட்டில் ஒருவர் மத்திய கொழும்பின் ஹலீம் இஷாக். பிரேமதாசவும் ஜாபிர் ஏ. காதரும் அவருடன் தெரிவானார்கள். நுவரெலியா–மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் 1947க்குப் பிறகு முதன்முறையாக மக்கள் வாக்கால் பாராளுமன்றம் வந்ததும் இதே தேர்தலில். பேருவளையில் பாக்கீர் மாக்கார், ஹாரிஸ்பத்துவையில் ஏ. சி. எஸ். ஹமீத் இருவரும் இரட்டை அங்கத்தவர் தொகுதிக்காரர்கள்.

எல்லா இடத்திலும் கணக்குக் கைகூடியதுமில்லை. மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதிதான். 1970இல் இரண்டு ஆசனமும் தமிழருக்கே போயின, இராஜதுரையும் ராஜன் செல்வநாயகமும். முறை வாய்ப்பைத் தரும். வாக்கு சிதறினால் அந்த வாய்ப்பு வீண்.

1978 யாப்பு விகிதாசாரத்தைக் கொண்டுவந்தது. 1989 பொதுத் தேர்தலில் மத்திய கொழும்பு, கொழும்பு மாவட்டத்துக்குள் ஒரு வாக்கெடுப்புப் பிரிவாகிவிட்டது. அதன் பின்னர் வந்த விருப்பு வாக்குச் சண்டையை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இனி இன்றைய விசயம். மாகாண சபைத் தொகுதிகளுக்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் ஒரு வாக்குக்கூட ஆதரவில்லாமல் நிராகரித்தது. அதற்கு ஆறு மாதம் முன்பு, 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில், "பல அங்கத்தவர் வட்டாரம்" என்ற பெயரைக் கேட்டு நம்மில் பலர் மகிழ்ந்தார்கள். பெயர் பழையது, உள்ளே இருப்பது வேறு. அங்கே வாக்காளருக்கு ஒரே புள்ளடி, அதுவும் கட்சிக்கு அல்லது சுயேச்சைக் குழுவுக்கு. கூடுதல் வாக்குப் பெற்ற தரப்பு அந்த வட்டாரத்தின் இரண்டு அல்லது மூன்று அங்கத்தவரையும் அப்படியே எடுத்துக்கொள்ளும். பட்டியல் வழியே வரும் நாற்பது வீதம் சற்று ஈடுசெய்கிறது, உண்மைதான். ஆனால் ஆயிரம் பேர் கொண்ட இரட்டை வட்டாரத்தில் 334 பேர் பிரியாமல் நின்றாலும், எதிரே 666 பேர் ஒரே கட்சிக்குப் போட்டால் அந்த வட்டாரத்தில் அவர்களுக்குக் கிடைப்பது பூச்சியம். 1947இன் சட்டப்படி அதே 334 பேருக்கு ஓர் ஆசனம் உறுதி.