வெள்ளச் சேதமும் உடைமையும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் நான்கு வெள்ளங்கள், 1881–2021

பெருமழையால் வீட்டிற்குள் புகுந்த நீர் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்களில் வடிந்துவிடுகிறது. அது விட்டுச்செல்லும் சேற்றை அள்ளவும், சுவரை உலரச் செய்யவும், கெட்டுப்போன பொருளுக்கு மாற்றுப்பொருள் தேடவும் மாதக்கணக்கில் ஆகிறது. மலேசிய வரலாற்று நூல்களில் முன்னதைப் பற்றிய செய்திகள் மிகுதி. ஆற்றின் நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்தது, எந்தப் பாலம் உடைந்தது, எத்தனை மைல் இரயில் பாதை மூழ்கியது என்பனவெல்லாம் பதிவாகியுள்ளன. பின்னதைப் பற்றிய பதிவுகளோ மிகக் குறைவு. வீட்டைத் துப்புரவு செய்வது வரலாற்று நிகழ்ச்சியாகக் கருதப்படவில்லை போலும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் 1881, 1926, 1971, 2021 ஆகிய ஆண்டுகளில் நேர்ந்த வெள்ளங்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. சேதமுற்றது யாருடைய உடைமை, அதைச் சீர்செய்யும் கடமை யாரைச் சார்ந்தது என்பனவே இங்கு எழுப்பப்படும் வினாக்கள். இவற்றிற்கான விடை ஒவ்வொரு வெள்ளத்திலும் வேறுபட்டிருக்கிறது. அந்த வேறுபாட்டின் ஊடாக, இப்பள்ளத்தாக்கில் தமிழரின் குடியிருப்பு நிலை மாறிவந்த வரலாற்றையும் ஓரளவு காணமுடிகிறது.

மண்சுவரும் செங்கல்லும்

1880ஆம் ஆண்டில் சிலாங்கூரின் நிருவாகத் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றப்பட்டது. அப்பொழுது அவ்வூர் கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தில் ஈய வணிகத்தை நம்பி எழுந்த நெருக்கமான குடியேற்றமாக இருந்தது. வீடுகள் பெரும்பாலும் மரத்தாலும் மண்ணாலும் ஆனவை. கூரைக்கு அத்தாப்பு ஓலை. 1881 ஜனவரியில் ஏற்பட்ட தீ அவ்வூரின் பெரும்பகுதியை அழித்தது. அவ்வாண்டு முடிவதற்குள், டிசம்பரில், வெள்ளம் வந்தது. சுடாத மண்ணாலான சுவர் நீரில் சில மணி நேரம் நின்றால் அடிப்பகுதி கரைந்து, மேற்பகுதி தன் சுமையாலேயே சரிந்துவிடும். அத்தகைய வீட்டைப் பழுதுபார்ப்பது என்றால் புதிதாகக் கட்டுவது என்றே பொருள்.

1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்படவேண்டும் என்று வற்புறுத்தினார். இந்நடவடிக்கை தீயை முன்னிட்டது என்றே பாடநூல்கள் கூறிச்செல்கின்றன. அது தவறன்று, ஆயினும் முழுமையானதன்று. அத்தாப்புக் கூரையை ஓடாக மாற்றியது தீக்கு அஞ்சி எனலாம். மண்சுவர் செங்கற்சுவரானதில் வெள்ளத்திற்கும் பங்கு உண்டு. யாப் ஆ லோய் செங்கற்சூளைத் தொழிலுக்கு வித்திட்ட நிலப்பகுதியே பின்னர் பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. இரயில்வே பணிமனைகளும் ஊழியர் குடியிருப்புகளும் அங்கே அமைந்த பிறகு, தமிழர் செறிந்து வாழும் இடமாக அது மாறியது.

இக்காலத்தில் எழுந்த கடைவீடுகளைப் பற்றி ஒரு குறிப்பு. அவற்றின் செங்கற்களைப் பிணைத்ததும் மேலே பூசப்பட்டதும் சுண்ணாம்புச் சாந்து. செங்கல் நீரில் கரையாது. ஆனால் நீரை உறிஞ்சும். உறிஞ்சிய நீர் நுண்துளைகள் வழியே மேலேறி, உலரும்போது உப்பைச் சுவரின் மேற்பரப்பில் விட்டுச்செல்கிறது. சுண்ணாம்புப் பூச்சு இந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். உப்பு பூத்த பூச்சை உதிர்த்துவிட்டு மீண்டும் பூசினால் போதும். பிற்காலத்தில் பழைய சுவர்களின் மேல் சிமெண்ட் பூசியவர்கள் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிட்டனர். பழைய கட்டடங்கள் பலவற்றில் வண்ணப்பூச்சு உரிந்து தொங்குவதற்கு மழையைவிடச் சிமெண்டே பெரிதும் காரணம் என்பது என் எண்ணம்.

1926: சீர்செய்த கைகள்

1926 டிசம்பர் இறுதியில் தீபகற்பத்தின் பெரும்பகுதியைத் தாக்கிய மழையும் வெள்ளமும் அந்நாளைய மக்கள் நினைவில் அதற்கு முன் இல்லாதவை. கிளந்தானில் மலைமண்ணை அள்ளிவந்த நீரின் நிறத்தால் அதற்குச் ‘செந்நீர்ப் பெருவெள்ளம்’ என்னும் பொருள்படும் மலாய்ப் பெயர் நிலைத்துவிட்டது. பேராக், பகாங், சிலாங்கூர் மாநிலங்களும் பெருஞ்சேதம் கண்டன. கோலாலம்பூரில் ஆற்றை ஒட்டிய வணிக வீதிகளில் படகுகள் சென்றதைக் காட்டும் நிழற்படங்கள் இன்றும் நூல்களில் இடம்பெறுகின்றன.

மழை மட்டும் இதற்குக் காரணமன்று. பல்லாண்டுகளாக ஈயச் சுரங்கங்கள் கழுவி வெளியேற்றிய மணலும் சேறும் ஆற்றுப்படுகைகளை உயர்த்தியிருந்தன. இரப்பருக்காகக் காடு அழிக்கப்பட்ட சரிவுகளிலிருந்து மண் அரித்துவந்தது. படுகை உயர்ந்த ஆறு, குறைந்த நீருக்கே கரை புரளும். 1926க்குப் பிறகு நகர்ப்பகுதியில் கிள்ளான் ஆற்றை நேராக்கி அகலப்படுத்தும் பணிகள் மேற்கொள்ளப்பட்டன. 1932இல் வடிகால் நீர்ப்பாசனத்திற்கெனத் தனித்துறையே தோற்றுவிக்கப்பட்டது. அரசின் பார்வையில் வெள்ளச் சேதத்தைச் சீர்செய்வது என்பது ஆற்றைச் சீர்செய்வதாயிற்று.

அந்த ஆண்டில் தமிழர் எங்கே இருந்தனர்? பெரும்பான்மையினர் இரப்பர்த் தோட்டங்களில் இருந்தனர்; அடுத்த பெரும்பிரிவினர் இரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் நகராண்மைத் துப்புரவுப் பணியிலும் இருந்தனர். இவர்களுள் மிகப் பெரும்பாலோருக்குச் சொந்த வீடு இல்லை. தொழிலாளருக்கு உறைவிடம் அளிப்பது முதலாளியின் கடமை என்று தொழிலாளர் சட்டம் வகுத்திருந்தது. இச்சட்டம் ஒருவகையில் பாதுகாப்பாக இருந்தது. லயத்தின் கூரை பறந்தாலும் தரை பெயர்ந்தாலும் செலவு தோட்டத்தைச் சார்ந்தது. மரத்தாலான பழைய லயங்கள் பல, தூண்களின் மேல் தரையை உயர்த்திக் கட்டப்பட்டவை. வெள்ளம் அடியில் புகுந்து வெளியேற வழி இருந்தது. ஆனால் வேலை நின்றால் வீடும் நின்றது. வீடு எனும் உடைமை தமிழனுக்கு இல்லையாதலால், வெள்ளச் சேதக் கணக்கில் அவன் பெயரும் இல்லை. அவனுடைய இழப்பு, தகரப் பெட்டியில் இருந்த துணியும், சில பாத்திரங்களும், கோழியும் ஆடும், லயத்தை ஒட்டிப் போட்ட காய்கறித் தோட்டமுமே. அவற்றிற்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி இருந்திருக்க வாய்ப்பில்லை.

இங்கே ஒரு முரண் உண்டு. வெள்ளத்திற்குப் பின் அரிப்புண்ட தண்டவாளத்தின் அடியில் சல்லி கொட்டியவர்களும், சரிந்த சாலையை நிரப்பியவர்களும், நகரத்தின் சேற்றைக் கூடைகளில் அள்ளியவர்களும் யார்? அத்துறைகளின் உடலுழைப்புப் பணியாளருள் தென்னிந்தியரே மிகுதி என்பதால், அப்பணியின் பெரும்பகுதி அவர்களுடையதாகவே இருந்திருக்கவேண்டும். நாட்டின் உடைமையை மீட்டுக்கொடுத்தவர்கள், தமக்கென உடைமை இல்லாததால் அந்நிகழ்ச்சியின் வரலாற்றில் இடம்பெறவில்லை. மலாயாவிலிருந்த இந்திய அரசின் ஏஜெண்டு எழுதிய ஆண்டறிக்கைகள் கூலி, உறைவிடம், நோய், இறப்பு ஆகியவற்றை விரிவாகப் பேசுபவை. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ இதழின் தொடக்ககால ஏடுகளும் உள்ளன. இவ்விரண்டையும் வெள்ளத்தை மனத்திற்கொண்டு மறுவாசிப்புச் செய்யும் ஆய்வு மாணவர் ஒருவர் முன்வந்தால், நான் இங்கே ஊகமாகக் கூறியதை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ முடியும்.

1971: இடையில் நின்றவர்கள்

1971 ஜனவரித் தொடக்கத்தில் கோலாலம்பூர் மீண்டும் மூழ்கியது. தலைநகரில் 32 பேர் உயிரிழந்தனர்; ஏறத்தாழ 180,000 பேர் பாதிப்புற்றனர். அதன் விளைவாக அவ்வாண்டிலேயே நிலையான வெள்ளக் கட்டுப்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. 1958இல் குடிநீருக்காகக் கட்டிமுடிக்கப்பட்ட கிள்ளான் கேட்ஸ் அணை பின்னர் உயர்த்தப்பட்டது. 1987இல் பத்து அணை வந்தது. 2007இல் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் நீளமான ‘ஸ்மார்ட்’ சுரங்கவழியும் இந்நெடிய முயற்சியின் தொடர்ச்சியே.

இதற்குள் தமிழர் நிலை மாறியிருந்தது. 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டதால் வேலையிழந்த குடும்பங்கள் பல நகரை நாடிவந்தன. அவற்றுள் ஒரு பகுதி ஆற்றோரத்திலும் இரயில் பாதை ஓரத்திலும் புறம்போக்கு நிலங்களில் பலகை வீடு கட்டிக்கொண்டது. பலகையும் தகரமும் அவர்கள் காசில் வாங்கியவை, வீடு அவர்களுடையது. நிலமோ அவர்களுடையதன்று. லயத்திலிருந்த தொழிலாளிக்குப் பழுதுபார்த்துத் தரவேண்டிய முதலாளி ஒருவர் இருந்தார். புறம்போக்குவாசிக்கு அவரும் இல்லை. நிலப்பட்டா இன்மையால் உரிமையோடு இழப்பீடு கோரவும் இயலவில்லை. அடித்துச் செல்லப்பட்ட பலகையைத் தேடி எடுத்துவந்து மறுபடி ஆணி அடிப்பதே அவர்களால் ஆகக்கூடிய சீரமைப்பாக இருந்தது. சட்டத்தின் முன் இருவகையிலும் இடமற்ற இந்நிலையே, என் கருத்தில், நான்கினுள்ளும் கடுமையானது.

2021: சொந்த வீட்டிற்குள் நீர்

2021 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தீபகற்பத்தைக் கடந்த வெப்பமண்டலத் தாழ்வழுத்தம், வழக்கமாக ஒரு மாதத்தில் பெய்யும் மழையைப் பள்ளத்தாக்கின் பல இடங்களில் ஒரே நாளில் கொட்டியது. கிழக்குக்கரையையே பருவமழைக்கு உரியதாகக் கருதிப் பழகியிருந்த அதிகாரிகளும் மக்களும் ஆயத்தமாக இல்லை. நாடு முழுவதும் அந்தப் பருவத்தில் 50 பேருக்கு மேல் இறந்தனர். சா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் நாள்கணக்கில் காத்திருந்தனர். இந்தியக் குடும்பங்கள் கணிசமாக வாழும் தாழ்நிலக் குடியிருப்பு அது.

2022 ஜனவரியில் புள்ளிவிவரத் துறை வெளியிட்ட சிறப்பறிக்கை மொத்த இழப்பை 610 கோடி ரிங்கிட் என மதிப்பிட்டது. அதில் குடியிருப்புகளின் இழப்பு மட்டும் 160 கோடி. வாகனங்களின் இழப்பு 100 கோடி. மாநிலங்களுள் சிலாங்கூரின் இழப்பே மிகப் பெரிது. 1926இல் தகரப் பெட்டியாக இருந்தது 2021இல் வரிசை வீடாகவும், மகிழுந்தாகவும், குளிர்பெட்டியாகவும், சமையலறை அலமாரியாகவும் வளர்ந்திருந்தது. மூன்று நான்கு தலைமுறைகளின் உழைப்பு அதில் இருந்தது. பெரும்பாலும் வங்கிக் கடனும் இருந்தது.

உடைமை வந்தபோது பொறுப்பும் உடன்வந்தது. அடிப்படைத் தீக் காப்புறுதி தீ, மின்னல், வெடிப்பு ஆகியவற்றிற்கே ஈடு தரும். வெள்ளம் அதில் அடங்காது. வீட்டுரிமையாளர் காப்புறுதியோ கூடுதல் கட்டணப் பிரிவோ எடுத்திருந்தால்தான் பயனுண்டு. அதிலும் கட்டடத்திற்குரியது வேறு, உள்ளிருக்கும் பொருளுக்குரியது வேறு. வாகனத்திற்கும் முழுக் காப்புறுதி மட்டும் போதாது. இயற்கைப் பேரிடர்ப் பிரிவைச் சேர்த்திருக்கவேண்டும். ‘காப்புறுதி இருக்கிறதே’ என்று நம்பியிருந்த பலர், சேற்றை அள்ளி முடித்த பிறகே இவ்வேறுபாட்டை அறிந்தனர். அரசு குடும்பத்திற்கு 1,000 ரிங்கிட் கருணைத் தொகையும், மின்பொருள் வாங்க 500 ரிங்கிட் பற்றுச்சீட்டும், வேறு சில உதவிகளும் அளித்தது.

வீட்டுப்பொருள்களின் தன்மையும் மாறியிருந்தது. பழைய கடைவீட்டில் இருந்த செங்கால் மரப் பெட்டியும் கட்டிலும் நனைந்தால் நிழலில் மெல்ல உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்த இன்றைய பலகை, நீர் பட்டதும் ஊதி உதிர்ந்துவிடுகிறது. அதற்குப் பழுதுபார்ப்பே இல்லை. தாமான் ஸ்ரீ மூடாவின் தெருக்களில் மலையெனக் குவிந்த குப்பையில் அத்தகைய அலமாரிகள் ஏராளம்.

தாள்

ஆய்வாளரும் ஆசிரியருமான இவ்விதழின் வாசகர்க்கு நெருக்கமான ஓர் இழப்பைக் கடைசியாகக் குறிப்பிடவேண்டும். பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, பள்ளிச் சான்றிதழ், தாத்தா கப்பலில் வந்தபோது கொண்டுவந்த தாள், தோட்டத்துச் சம்பளச் சீட்டு, பழைய நிழற்படம் ஆகியன பெரும்பாலும் ஒரே உறையில் அலமாரியின் கீழ்த்தட்டில் இருப்பவை. குடியுரிமைச் சிக்கல் இன்னும் தீராத குடும்பங்களுக்கு அவ்வுறையே வழக்கின் முழுச் சான்று. வெள்ளத்தில் நனைந்த அடையாள ஆவணங்களைக் கட்டணமின்றி மாற்றித் தரும் ஏற்பாட்டைத் தேசியப் பதிவுத் துறை 2021இல் செய்தது. ஆனால் அது துறையின் பதிவேட்டில் ஏற்கெனவே இருப்பவர்க்கே பயன்படும். பதிவேட்டில் இல்லாத பாட்டியின் பிறப்பை நிறுவக்கூடிய தோட்டத்துக் கடிதத்தை எந்த அலுவலகமும் மீண்டும் அச்சிட்டுத் தர இயலாது.

நம் வெப்பநிலையில் நனைந்த தாளில் இரண்டு நாள்களுக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். ஒட்டிக்கொண்ட பக்கங்களை ஈரத்தோடு பிரித்தால் மையும் நாரும் உரிந்துவரும்; வெயிலில் போட்டால் தாள் சுருங்கி முறியும். நெகிழித் தாளில் அடைத்த சான்றிதழ்களின் நிலை இன்னும் மோசம்; ஓரத்தின் வழியே புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே எழுத்தைக் கரைக்கிறது. உடனே உலர்த்த முடியாதவற்றை நெகிழிப் பையிலிட்டு உறையவைத்து, பின்னர் சிறிது சிறிதாக எடுத்து, விசிறிக் காற்றில் உலர்த்துவதே ஆவணக் காப்பகங்கள் பின்பற்றும் முறை. மின்சாரம் உள்ள அண்டை வீட்டின் உறைபெட்டி ஒன்று இதற்குப் போதும்.