ஊருக்குத் திரும்பிய வேலையின்மை: சென்னைப் பெருநகர விகிதத்தை மறுவாசிப்பு செய்தல்

சென்னைப் பெருநகரின் வேலையின்மை பற்றி எழுதுவோரிடையே ஒரு கருத்து வேரூன்றிவிட்டது: பெரிய ஆலை மூடினாலும் வேலையின்மை விகிதம் பெரிதாக அசைவதில்லை, ஆகவே, வேலை இழந்தோரை நகரமே வேறு தொழில்களில் சேர்த்துக்கொள்கிறது. விகிதம் அசையவில்லை என்பதை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவைத்தான் ஏற்க முடியவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா செல்போன் ஆலை 2014 நவம்பர் 1-இல் நின்றது. வேலையின்மையை அளந்த தேசிய மாதிரி ஆய்வின் 68-ஆம் சுற்று நடந்தது 2011–12-இல். காலமுறைத் தொழிலாளர் படை ஆய்வு தொடங்கியது 2017-இல். இவ்விரு புள்ளிகளையும் கோடிழுத்து இணைப்பவர்கள், மூடல் இரண்டுக்கும் நடுவே விழுந்ததைப் பொருட்படுத்துவதில்லை. இடையில் தொழிலாளர் பணியகம் நடத்திய ஆய்வுகள் மாநில அளவினவை. ஓர் ஆலையைச் சுற்றி நடந்ததை அவை காட்டா.

கால இடைவெளியாவது சிறிய குறை. பெரிய குறை ஆய்வு முறையிலேயே இருக்கிறது. கணக்கெடுப்பவர் வீட்டைத் தேடிப் போகிறார், ஆளைப் பின்தொடர்வதில்லை. நோக்கியாவில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். செய்யாறு பக்கத்திலிருந்து வந்து, ஐந்தாறு பேரோடு ஓர் அறையில் தங்கி, ஷிப்டு பஸ்ஸில் போய்வந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அறை வாடகை சம்பளத்திலிருந்து போகிறது. சம்பளம் நின்றால் அடுத்த மாதம் அறையும் இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறுகிறாள். பிறகு அந்த அறைக்குக் கணக்கெடுப்பவர் வந்தால், கதவில் பூட்டு தொங்கும். அல்லது வேறு யாரோ குடியிருப்பார்கள்.

மாதிரியில் அவளுடைய கிராமமே விழுந்தது என்று வைத்துக்கொண்டாலும் நிலைமை மாறாது. வீட்டுக்காக ஒருவர் பதில் சொன்னால் போதும். “பொண்ணு என்னம்மா பண்ணுது?” என்ற கேள்விக்குத் தாய், “வீட்லதாங்க இருக்குது” என்கிறார். வீட்டுவேலை மட்டும் செய்பவர்களுக்கான 92 என்ற குறியீடு விழுகிறது. அத்தோடு அவள் தொழிலாளர் படைக்கே வெளியே போய்விடுகிறாள். அந்த ஆண்டில் 30 நாள் நாற்று நட்டிருந்தால், துணைநிலைக் கணக்கில் ‘வேலையில் இருப்பவர்’. வேலைக்குத் தயாராக இருந்தாலே வேலையற்றவராகக் கணக்கிடலாம் என்று வரையறை சொல்கிறதே என்று கேட்கலாம். எந்த வேலைக்கு? செல்போன் பூட்டும் லைன் செய்யாற்றில் இல்லை. தயாரா என்ற கேள்வி அங்கே பொருளற்றுப் போகிறது.

விளைவைக் கணக்கில் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும். நகரத்தின் தொழிலாளர் படை 100 பேர், அதில் வேலையற்றோர் 5. மேலும் 20 பேர் வேலை இழந்து இங்கேயே தங்கி வேலை தேடினால் விகிதம் 25. அவர்கள் ஊருக்குப் போய்விட்டால் மிஞ்சுவது 80 பேர், விகிதம் 6.25. நகரம் யாரையும் உள்வாங்கவில்லை, அனுப்பிவைத்தது. அதிர்ச்சியைத் தாங்கியவை திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் வீடுகள் என்றே நான் கருதுகிறேன்.

அந்தப் பெண்கள் கல்யாணத்துக்காகத்தானே போனார்கள் என்ற மறுப்பில் எனக்குச் சாரம் தெரியவில்லை. வேலை இருந்தவரை கல்யாணத்தைத் தள்ளிப்போட முடிந்தது; வேலை போனபின் முடியவில்லை. எது முதலில் நடந்தது என்பதே கேள்வி.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அன்றைய விதிப்படி, பொதுவாக வேலையில்லாமல் இரண்டு மாதம் கழிந்த பின்பே பி.எஃப். பணத்தை முழுதாக எடுக்க முடிந்தது. அந்த விண்ணப்பம் ஒவ்வொன்றும் வேலையின்மைக்கு ஒருவர் தாமே கையெழுத்திட்டுத் தந்த சான்று. பணம் எந்த ஊர் வங்கிக் கிளைக்குப் போனது என்பதும் அதில் இருக்கும். திருமணத்துக்காக விலகிய பெண்களுக்கு அந்தக் காத்திருப்பு இருக்கவில்லை என்பதால், அவர்களைத் தனியே பிரித்துவிடலாம். மீதி விண்ணப்பங்களைப் பெயர் நீக்கி, ஆலைவாரியாகவும் வங்கிக் கிளைவாரியாகவும் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும்.